நானோ களிமண் சேர்த்ததும் ஸ்கார்ச் ஆன ரப்பர் கலவை: என் அனுபவம்

100 பங்கு இயற்கை ரப்பருக்கு 45 பங்கு என்330 கார்பன் பிளாக் (ரப்பருக்கு வலுவூட்டும் கரித்தூள்) போட்டுவந்த கலவையில், கார்பன் பிளாக்கைப் பத்துப் பங்கு குறைத்து ஐந்து பங்கு நானோ களிமண்ணைச் சேர்த்தபோது கிழிவலிமை எதிர்பார்த்தபடியே கூடியது. ஆனால் கலவையை அழுத்தி வடிவம் கொடுக்கும் எக்ஸ்ட்ரூடரின் வாயிலேயே அது ஸ்கார்ச் ஆகி (உரிய நேரத்துக்கு முன்பே இறுகி), கட்டி கட்டியாக வெளிவந்தது.

ரப்பரைக் கலக்கும் மில்லின் உருளைகளுக்குக் குளிர்நீர் செல்லும் குழாய்களைச் சுத்தம் செய்தோம், கந்தகத்தின் எடையைச் சரிபார்த்தோம், கார்பன் பிளாக்கை உலர்த்தினோம். ஆனாலும், கலவை இறுகுவதை அளக்கும் ரியோமீட்டர் 150 டிகிரியில் காட்டிய ஸ்கார்ச் நேரம் பழையதில் பாதியாகவே நின்றது.

வழி காட்டியது ஒரு மணம். களிமண் சூடான மில்லில் விழுந்ததும் லேசாக மீன் கவிச்சி அடித்தது. அது அமீனின் மணம். களிமண் அடுக்குகள் ரப்பருக்குள் விரிவதற்காக அவற்றினிடையே அமீனிலிருந்து செய்யும் குவாட்டர்னரி அம்மோனியம் உப்பைப் புகுத்தியிருப்பார்கள். அந்த உப்பே கந்தக வல்கனைசேஷனை (கந்தகம் ரப்பரை இறுக்கும் வினையை) விரைவுபடுத்தவும் செய்யும். உப்பு ஏற்றாத சோடியம் களிமண்ணை அதே அளவு போட்டுப் பார்த்தபோது ஸ்கார்ச் நேரம் ஏறத்தாழப் பழையபடி திரும்பியது (கூடிய கிழிவலிமையும் போய்விட்டது என்பது வேறு).

எனவே, உப்பேற்றிய களிமண்ணையே வைத்துக்கொண்டு, அந்த வினையை விரைவுபடுத்தும் சிபிஎஸ் ஆக்சிலரேட்டரை 1.2 பங்கிலிருந்து 0.8 பங்காகக் குறைத்து, ஸ்கார்ச்சைத் தள்ளிப்போடும் சிடிபியை 0.2 பங்கு சேர்த்தேன். கந்தகத்தையும் ஆக்சிலரேட்டரையும், கலவை நன்றாக ஆறிய பிறகே குளிர்ந்த மில்லில் போட்டேன். எக்ஸ்ட்ரூடரில் கலவை வழுவழுப்பாக ஓடியது. பல நாட்களைத் தின்ற சிக்கல் தீர்ந்ததில் பெரும் நிம்மதி. உப்பின் அளவு களிமண்ணுக்குக் களிமண் மாறுவதால், புது மூட்டை பிரித்ததும் சிடிபியின் அளவை ரியோமீட்டரில் சரிபார்த்துக்கொள்கிறோம்.