பாஸ்டனில் ஜப்பானியக் கலை: பார்க்கப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டம் போட்டு சுவரில் மாட்டிய எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நம்மில் பலர் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ஜப்பானியப் பகுதிக்குள் நுழைகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

உகியோ-இ எனப்படும் ஜப்பானிய மரப்பலகை அச்சுப் படங்களின் முன் நின்று "இது அசலா, நகலா?" என்று கேட்பது எல்லாரும் செய்யும் தவறு. ஹொகுசாய் என்ற ஓவியரின் புகழ்பெற்ற பேரலைப் படத்துக்கு 'ஒரே அசல்' என்று ஒன்று கிடையாது. ஓவியர் வரைந்தார், செதுக்குபவர் மரப்பலகையில் செதுக்கினார், அச்சடிப்பவர் வண்ணம் ஏற்றினார், பதிப்பாளர் பணம் போட்டு விற்றார். அப்படி அச்சானவை உலகின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கேட்க வேண்டியது, பலகை தேயுமுன் அச்சானதா, தேய்ந்த பின்பா என்பதைத்தான். மெல்லிய கோடுகள் உடையாமல் இருந்தால் அது முந்தைய அச்சு.

சுருள் ஓவியத்தை இடப்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது அடுத்த தவறு. இங்குள்ள 13-ஆம் நூற்றாண்டுச் சுருள் ஒன்று, ஹெய்ஜி கலகம் என்ற பழைய ஜப்பானிய அதிகாரச் சண்டையில் சன்ஜோ அரண்மனை எரிக்கப்பட்ட இரவைச் சொல்கிறது. நீளம் சுமார் 7 மீட்டர். வலப்பக்கத்தில் மாட்டுவண்டிகளும் ஆட்களும் முட்டிமோதி ஓடுகிறார்கள், அடுத்து தீ, அதன்பின் கொலை. இடக்கோடிக்கு வரும்போது கூட்டம் அடங்கி, முன்னால் செல்லும் குதிரைவீரனோடு காட்சி முடிகிறது. இடமிருந்து பார்த்தால் முடிவைப் படித்துவிட்டுக் கதைக்குள் போவதுபோல் ஆகிவிடும். அந்தக் காலத்தில் இதைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்த்தார்கள். ஆகவே முழு நீளத்தையும் ஒரே பார்வையில் அள்ளப் பார்க்காமல், மெல்ல நடந்து பாருங்கள்.

"எல்லாம் கொள்ளையடித்தது" என்று ஒரு சாரார். "அமெரிக்கர்கள்தான் காப்பாற்றினார்கள்" என்று இன்னொரு சாரார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. 1868-க்குப் பின் ஜப்பானின் புதிய மெய்ஜி அரசு, நாட்டின் மரபுச் சமயமான ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது பல கோயில்கள் ஆதரவிழந்தன. பழைய பொருள்கள் மலிவாக விலைக்கு வந்தன. சிப்பி போன்ற கடலுயிரிகளை ஆராய ஜப்பானுக்குப் போன அமெரிக்கர் மோர்ஸ் மண்பாண்டம் சேர்த்தார். தத்துவம் கற்பிக்கப் போன இன்னொரு அமெரிக்கர் ஃபெனலோசா ஓவியம் சேர்த்தார். அமெரிக்க மருத்துவர் பிகலோ ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். இவர்கள் சேர்த்தவையே பின்னர் பாஸ்டன் தொகுப்புக்கு அடித்தளமாயின. அதே ஃபெனலோசா, ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுராவோடு சேர்ந்து ஜப்பானிய அரசுக்காகக் கோயில் கலைப்பொருள்களை ஆய்வுசெய்தவர். 1932-இல், 'கிபி' என்ற பெயருடைய பழங்கால ஜப்பானிய அமைச்சர் ஒருவரின் சீனப் பயணத்தைச் சொல்லும் சுருளை பாஸ்டன் வாங்கியதும் ஜப்பானில் எழுந்த அதிர்ச்சி, மறு ஆண்டே முக்கியக் கலைப்பொருள்கள் வெளியேறாமல் தடுக்கும் சட்டத்துக்கு வழிவகுத்தது. விற்றவர், வாங்கியவர், இழந்தவர் மூவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு பிடிபடும்.

ஒகாகுராவை விட்டுவிட்டு அமெரிக்கர்களை மட்டும் நினைப்பதும் பிழை. 1904-இல் இங்கு வந்து தொகுப்பை வகைப்படுத்திய அவர், பின்னர் சீன, ஜப்பானியத் துறையின் தலைவரானார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளில், 1917-இல், கொழும்பில் பிறந்த நம் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இதே அருங்காட்சியகத்துக்கு இந்தியக் கலையைக் கவனிக்க வந்தார்.

நான் பெரிதாக நினைக்கும் தவறு வேறு. வெளிறிய நிறங்களைப் பார்த்து "ஜப்பானியர் ரசனையே இப்படித்தான், அடக்கமானது" என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ரசனை அல்ல, வெயில் செய்த வேலை. குசும்பாப் பூவின் சிவப்பும், நம் வயல்வரப்புக் கானாவாழையின் இனத்துப் பூவிலிருந்து எடுத்த நீலமும் வெளிச்சத்தில் கரைந்துபோகும். அதனால்தான் அச்சுப் படங்களைச் சில மாதங்கள் மட்டும் வெளியே வைத்து, பிறகு இருட்டில் ஓய்வு கொடுக்கிறார்கள். தேடிப் போன படம் சுவரில் இல்லையென்றால் அருங்காட்சியகத்தைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் என்ற சேகரிப்பாளர்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு 6,000-க்கும் மேற்பட்ட அச்சுப் படங்களைக் கொடுத்தபோது, ஒருபோதும் பொதுக் காட்சிக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்தப் படங்களின் நிறம் இன்றும் வியக்கவைக்கும் அளவுக்கு நிலைத்திருக்கிறது. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அவற்றைத் தேடி, வேறு தொகுப்பிலுள்ள அதே படத்தின் வெளிறிய அச்சைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எதைத் தின்றது என்று தெரியும்.