உப்புநீர்த் தடாகத்திலும் இருப்பது குளோரீன்தான்

கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் நீச்சல் தடாகத்தை உப்புநீர் முறைக்கு மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால், "இனிக் குளோரீன் தேவையில்லைதானே" என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான். நீரில் மின்சாரம் பாய்ச்சும் தகடுகளைக் கொண்ட மின்பகுப்புக் கலம், நீரில் கரைந்த உப்பிலிருந்து குளோரீனை உண்டாக்குகிறது. கிருமிகளைக் கொல்வதும் அதே குளோரீன்தான். ஆகவே லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை கட்டற்ற குளோரீன், அதாவது கிருமிகளைக் கொல்லத் தயாராக உள்ள குளோரீன், இருக்கிறதா என்று இரு வகைத் தடாகங்களிலும் ஒரே கவனத்துடன் சோதிக்க வேண்டும். கண்ணெரிச்சலும் மூக்கைத் துளைக்கும் வாடையும் பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரீனோடு சேர்ந்து உருவாகும் குளோரமைன்களால் வருபவை என்பதால், உடம்பைக் கழுவாமல் இறங்குபவர்களைத் தடுக்காதவரை எந்த முறைக்கு மாறினாலும் அவை நீங்கா.

மின்பகுப்பு நடக்க நடக்க, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் உயரும். அது 7.8ஐத் தாண்டினால் குளோரீனின் வலு குறைவதோடு, கலத்தின் தகடுகளில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் படிவும் ஏறும். அதைக் கத்தியால் சுரண்டுவது பெருந்தவறு. தைத்தானியத் தகட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு உரிந்துவிட்டால், விலையுயர்ந்த அந்தக் கலம் வீணாகிவிடும். நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவுவதே முறை. நீர்க்கும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது.

கொழும்பில் மழையைக் கணக்கில் எடுக்காமலும் இருக்க முடியாது. உப்பு ஆவியாகிப் போவதில்லை என்றாலும், ஒக்டோபர், நவம்பர் அடைமழையில் தடாகம் வழியும்போது உப்பும் சேர்ந்து போய்விடுகிறது. வேண்டிய உப்பின் அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 3 கிராம், அதாவது 50,000 லீற்றர் தடாகத்துக்கு 150 கிலோ. அளந்து பார்க்காமல் மூட்டையைக் கொட்டாதீர்கள். சமையலுக்கான அயடீன் உப்பையோ மண் கலந்த உப்பையோ போடாதீர்கள். மின்தடையின்போது கலமும் நின்றுவிடும் என்பதால், திரவக் குளோரீனைக் கைவசம் வைத்திருப்பது அவசியம்.

கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும்; அதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்காத, நீரை ஒழுங்காகச் சோதிக்க ஆளில்லாத தொடர்மாடிகள் குளோரீனை நேரடியாகப் போடும் பழைய முறையிலேயே இருப்பது நல்லது என்பதே என் துணிபு. மாறியவர்கள், வடிகட்டியைக் கழுவிய நீரை மரஞ்செடிகளுக்கு விடாதீர்கள். உப்பு மண்ணில் தங்கி வேரைக் கருக்கிவிடும்.