கார்டு நாலு வட்டி, மார்க்கெட்காரர் மூணு வட்டி: நாங்கள் கடன் அடைத்த கணக்கு

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எங்கள் கடன் முதன்முதலாக முழுசாக எழுதப்பட்டது. ராத்திரி பத்தரை மணி, பிள்ளைகள் தூங்கியாயிற்று, அடுப்படித் தரையில் நானும் மனைவியும். "ஏங்க, ஒண்ணையும் மறைக்காம சொல்லுங்க" என்றாள். ஐந்து கடனைச் சொல்லிவிட்டேன். ஆறாவதை, மார்க்கெட்டில் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய நாற்பதாயிரத்தை, வாயில் வரவழைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் பார்த்தால் அவளுக்கு முன்பே தெரியும், அவருடைய பையன் ஒருநாள் வீட்டுக்கே வந்து விசாரித்திருக்கிறான்.

அதனால் முதல் வேலை இதுதான்: வீட்டில் சம்பாதிக்கிறவர், செலவு செய்கிறவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள். ஒருவர் மட்டும் ரகசியமாகக் கடன் அடைக்க முயன்றால் மூன்றாவது மாதம் இன்னொருவர் தெரியாமலே ஒரு பட்டுப்புடவைக்கு முன்பணம் கொடுத்துவிடுவார், அது அவர் தப்பும் இல்லை.

எங்கள் தாளில் இருந்தது இது. கிரெடிட் கார்டு 92,000. பர்சனல் லோன் பாக்கி 1,60,000, இஎம்ஐ 7,000. ஃப்ரிட்ஜ் தவணை இன்னும் ஆறு மாதம், மாதம் 2,500. தனியார் அடகுக் கடையில் வைத்த நகை மேல் 80,000. மார்க்கெட்காரர் 40,000. மச்சானிடம், அதாவது மனைவியின் அண்ணனிடம், கைமாற்றாக வாங்கியது 50,000. மொத்தம் 4,37,000 ரூபாய். என் சம்பளமும் அவள் தையல் வருமானமும் சேர்த்து மாதம் 44,000.

எல்லா வட்டியையும் ஒரே தராசில் வையுங்கள்

நம்மைக் குழப்புவது ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வட்டி சொல்வதுதான். வங்கி வருடத்துக்குச் சொல்லும், பைக் லோன்காரர் 'ஃப்ளாட்' என்பார், கார்டு கம்பெனி மாத வட்டியைப் பொடி எழுத்தில் போடும், தண்டல்காரர் வட்டி என்ற வார்த்தையையே எடுக்க மாட்டார். எல்லாவற்றையும் நம் ஊர்க் கணக்குக்கு, 'நூற்றுக்கு எத்தனை' என்பதற்கு, மாற்றுங்கள். மாதம் நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் வட்டி, அவ்வளவுதான். வருட வட்டி சொன்னால் பன்னிரண்டால் வகுங்கள்.

பல கார்டுகளில் மாத வட்டி மூன்றரை ரூபாய் அளவில் இருக்கும். என் கார்டில் சரியாக 3.5. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13. மார்க்கெட்காரர் வாங்கியது மூணு வட்டி. அவர் கடை இருக்கிற தெருவைத் தவிர்ப்பதற்காக இரண்டு வருடம் சுற்றுப்பாதையில் வேலைக்குப் போயிருக்கிறேன், அதே சமயம் அவரைவிட அதிகம் வாங்குகிற நாலு வட்டிக்காரனைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்கில் கேஷ்பேக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்! அந்த ராத்திரி இதை எழுதிப் பார்த்தபோது உண்மையாகவே சிரிப்பு வந்தது.

குறைந்தபட்சத் தொகை என்று கார்டு பில்லில் ஒன்று வருமே, பெரும்பாலும் பாக்கியில் ஐந்து சதவீதம், அதை மட்டும் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 92,000-க்கு அது 4,600. அந்த மாத வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து சுமார் 3,800. அசலில் குறைந்தது 800 ரூபாய். இன்னொன்றும் உண்டு, பழைய பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்க்கிற தொகைக்கு அந்த 'வட்டியில்லா நாற்பத்தைந்து நாள்' சலுகை கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

ஃப்ளாட் வட்டியில் ஏமாறாதீர்கள். ஒரு லட்சம், இரண்டு வருடம், 12 சதவீதம் ஃப்ளாட் என்றால் மாதம் 5,167 கட்டுவீர்கள். கேட்க ஒரு வட்டி மாதிரி இருக்கும், ஆனால் அசல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையில் அது வருடம் 21.6 சதவீதம், அதாவது 1.8 வட்டி. தண்டல் இன்னும் மோசம்: பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் தந்து, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கினால் அது ஏறக்குறைய பத்து வட்டி. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ எடுத்த சொந்தக் கடன் என்றால் எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டியை ஒரு விவரத்தாளில் அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும், ரிசர்வ் வங்கியின் விதி அது. கேட்டு வாங்குங்கள்.

மாத பட்ஜெட் ஏன் தோற்கிறது

எங்கள் மாதக் கணக்கு பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கடனுக்கு 15,300 போனால் மிச்சம் 28,700. வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், பிள்ளைகளின் வேன், அப்பாவுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 25,500. கையில் 3,200 நிற்க வேண்டும். அப்புறம் எப்படிக் கார்டு பாக்கி ஏறிக்கொண்டே போனது?

ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதினோம், ஜிபே வரலாற்றையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பின்னோக்கி ஒரு வருடம் புரட்டினோம். நான் குற்றவாளி என்று நினைத்தது டீக்கடையை. டீ, வடை எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரத்து இருநூறுகூட இல்லை. நான் இன்னும் டீ குடிக்கிறேன், நீங்களும் குடியுங்கள். ஓட்டை இருந்த இடம் வேறு. ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் 28,000. தீபாவளி 15,000. ஆவணியிலும் தையிலும் வரிசையாக முகூர்த்தம், மொய் மட்டும் வருடம் 12,000. பங்குனியில் குலதெய்வம் கோயில், வேன் வாடகையோடு 6,000. பைக் இன்சூரன்ஸ் 2,000. கூட்டினால் 63,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,250. இதில் ஒன்றுகூட எதிர்பாராத செலவு கிடையாது, எல்லாம் காலண்டரில் அச்சடித்து வருவது, ஆனால் எந்த மாத பட்ஜெட்டிலும் அது இல்லை. 3,200 மிச்சம் என்று நினைத்த குடும்பத்தில் உண்மையில் மாதம் 2,050 பள்ளம். அந்தப் பள்ளத்தைத்தான் கார்டு நிரப்பியது.

ஆகவே பட்ஜெட் போடும்போது ஆங்கில மாதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, காதுகுத்து, தாய்மாமன் சீர் எல்லாவற்றையும் போன வருடம் எவ்வளவு ஆனதோ அந்தத் தொகையோடு எழுதி, பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் ஏடிஎம் கார்டே வாங்காத தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் போட்டோம். எடுக்க வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும், அந்தச் சிரமமே பாதிச் செலவைத் தடுத்தது.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் இருக்கிறது என்று விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது நம்மால் ஆகாது, ஆகவும் வேண்டாம். ஆனால் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அவர்கள் நமக்கு 500 எழுதியிருந்தால் நாம் 600 எழுதினால் போதும், மண்டபத்து வாசலில் பக்கத்து ஆள் இரண்டாயிரம் எழுதுகிறாரே என்று கை கூசி நாமும் இரண்டாயிரம் எழுதியதெல்லாம் கார்டில்தான் போய் விழுந்தது. நோட்டில் பெயரே இல்லாத, எப்போதோ ஒருமுறை பார்த்தவர் வீட்டு விசேஷத்துக்கு இப்போது நான் வாழ்த்து மட்டும் சொல்கிறேன்.

வட்டியை இறக்குங்கள், பிறகு அசல்

பீரோவில் மனைவியின் நாலு பவுன் சங்கிலி சும்மா இருந்தது. நகையை வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு நாலு வட்டி கட்டுவது என்ன கணக்கு என்று அவள்தான் கேட்டாள். வங்கியில் வைத்தோம், வருடம் ஒன்பது சதவீதம், அதாவது முக்கால் வட்டி. 1,32,000 வாங்கி அன்றைக்கே கார்டு 92,000-ஐயும் மார்க்கெட்காரரின் 40,000-ஐயும் அடைத்தோம். முன்பு அந்த இரண்டுக்கும் வட்டி மட்டும் மாதம் 5,000, இப்போது அதே தொகைக்கு 990. குறைந்தபட்சத் தொகை 4,600, மார்க்கெட் வட்டி 1,200 இரண்டும் நின்றதால் மாதம் 5,800 விடுபட்டது. பள்ளத்தை நிரப்பியது போக 3,750 கையில் நின்றது, அதில் வங்கி வட்டி போக மீதியை அப்படியே அடகுக் கடைக் கடனில் கட்டினோம்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். காலியான கார்டு ஒரு வருடத்தில் மறுபடி நிறைந்தால் நகையும் போய், கார்டுக் கடனும் நிற்கும். அடைத்த அன்று ராத்திரியே எல்லா ஆப்பிலிருந்தும் கார்டு எண்ணை அழித்தோம். அடுத்தது, வங்கி நகைக் கடன் பலவற்றில் மாதம் கட்டாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், வருட முடிவில் அசலும் வட்டியும் மொத்தமாக வந்து நிற்கும். அது வசதி போலத் தோன்றும். தோன்றட்டும், நீங்கள் மாதாமாதம் கட்டுங்கள், கட்டிய தொகை அசலில் குறைகிறதா என்று ரசீதைப் பாருங்கள்.

நகை இல்லாதவர்கள் கார்டு கம்பெனிக்குப் போன் போட்டு மொத்தப் பாக்கியையும் இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் வட்டி பாதிக்கும் கீழே வரும், பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு சம்மதியுங்கள். வேலை செய்யும் இடத்தில் கூட்டுறவு நாணயச் சங்கம் இருந்தால் அதையும், மனைவி மகளிர் குழுவில் இருந்தால் அந்தக் கடனையும் விசாரியுங்கள். ஐந்து நிமிடத்தில் பணம் என்கிற ஆப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

அடைக்கிற வரிசை எளிது, வட்டி அதிகமானது முதலில். எங்களுக்கு அடுத்து வந்தது அடகுக் கடை, ஒன்றரை வட்டி. பர்சனல் லோன் வருடம் 16, அதாவது 1.33 வட்டி, அதை முன்கூட்டி முடித்தால் அபராதக் கட்டணம் போட்டிருந்தார்கள், அதனால் அதை அவசரப்படாமல் அதன் போக்கில் ஓட விட்டோம். ஆனால் மச்சான் கடன் இந்தக் கணக்குக்குள் வராது. வட்டியில்லை என்பதால் கடைசியில் தள்ளலாம் என்று நினைத்தேன். அவருடைய மகளுக்கு ஜூனில் கல்லூரிக் கட்டணம். நேரே போய், "மச்சான், இப்போ பத்து தர்றேன், மீதியை மே மாசத்துக்குள்ள தந்துடுவேன்" என்று தேதி சொல்லிவிட்டு வந்தேன். போனஸ் பணத்தை அதற்கே ஒதுக்கினோம். தேதி சொல்லாத கைமாற்றுதான் உறவைக் கெடுக்கிறது, தொகை எவ்வளவு என்பதைவிட.

முழு வேகத்தில் அடைக்கத் தொடங்கும் முன் ஒரு பதினைந்தாயிரம் தனியாக வைத்துவிடுங்கள். எங்கள் பையனுக்கு டெங்கு வந்த வாரம் அந்தப் பணம்தான் கார்டை வெளியே எடுக்காமல் காப்பாற்றியது. ஃப்ரிட்ஜ் தவணை முடிந்ததும் அந்த 2,500-ம் அடகுக் கடைக் கடனில் சேர்ந்தது. இப்படி ஒன்று முடிய முடிய அந்தத் தொகையை அடுத்ததில் சேர்க்க வேண்டும், அதைச் சம்பள உயர்வு மாதிரி நினைத்துச் செலவழிக்கக் கூடாது. எல்லாம் முடிய எங்களுக்கு மூன்று வருடம் இரண்டு மாதம் ஆனது.

மிரட்டல் வந்தால்

தவணை தவறியவர்களுக்கு: வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக உங்களை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. தனியாள் மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று கழுத்தை நெரித்தால் தமிழ்நாட்டில் 2003-ம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

"பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று கார்டு தரப்பில் பேசினால் உடனே தலையாட்டாதீர்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது 'செட்டில்ட்', அதாவது முழுசாகக் கட்டாமல் முடித்தது, என்று பதிவாகும், பின்னால் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் அது.

அடைத்த பிறகு செய்ய வேண்டியது

தனியாளிடம் வாங்கிய கடனில் இடையில் கட்டுகிற ஒவ்வொரு தொகையையும் புரோநோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு வரவு வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் புரோநோட்டு, தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் எல்லாவற்றையும் கையோடு வாங்குங்கள். எனக்கு நோட்டு வந்தது, இரண்டு செக்கில் ஒன்று "வீட்டில் இருக்கு, நாளைக்குத் தர்றேன்" என்றார். பணத்தில் ஐந்தாயிரத்தை எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் பையன் செக்கை எடுத்து வந்துவிட்டான்.

வங்கிக் கடன் என்றால் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி, இரண்டு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம்தான். கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும். மூடியாயிற்று என்று மின்னஞ்சல் வந்த பிறகு கத்தரிக்கோலை எடுங்கள். எங்கள் வீட்டில் அதை வெட்டியது என் மனைவி, துணி வெட்டுகிற கத்தரியில் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.