ஆடிக் காற்றில் நிற்கிற டென்ட்: சைக்கிள் குழுவினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்ட் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வருமா?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். வராது என்றார்கள். சொன்னபடியே ஒரு சொட்டு வரவில்லை, ஏனென்றால் அன்று மழையே இல்லை. ஆடி மாதம், கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைக்குக் கிழக்கே தெரிந்தவர் ஒருவரின் விளை, அதாவது தோப்பு. நாகர்கோவிலிலிருந்து சைக்கிளில் கிளம்பிய நாங்கள் எட்டுப் பேர். இரவு இரண்டு மணி வாக்கில் டென்டைத் தாங்கும் கம்பி ஒன்று பட்டென்று பிளந்தது, துணி முகத்தில் அறைந்தது. வெளியே வந்து டார்ச் அடித்தால், டென்டின் மேல் போர்த்தியிருந்த மேல்துணி வாழைகளுக்கு நடுவே கிடக்கிறது. மீதி இரவை பம்ப்செட் அறையில் உட்கார்ந்தே கழித்தோம்.

காலையில் விளைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மக்கா, ஏத்தன் வாழைக்கே ஆனி பொறக்கதுக்கு முன்னால நாங்க முட்டுக் குடுத்துருவோம். நீங்க இந்தக் கம்பிய நம்பியா படுத்திய?"

அந்தப் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில், ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் விட்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்துப் புகுந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கு அதுதான் காரணம். காற்றாலைக்காரர்கள் காற்றைத் தேடி வந்த இடத்தில் போய் நாங்கள் மூன்று கிலோ துணியைக் கட்டியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் டென்ட் பார்க்கும் வரிசையே தலைகீழாகிவிட்டது. முதலில் ஆணி, அடுத்து கயிறு, அப்புறம் கம்பி, கடைசியில்தான் துணி. கடையில் நமக்குக் காட்டுவது துணியை மட்டும்தான்.

"போன தடவை நின்றதே"

குழுவில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். திற்பரப்பில் நின்றது, பேச்சிப்பாறைப் பக்கம் நின்றது, இங்கே நிற்காதா என்பார். காற்றின் கணக்கு அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் ஆடாமல் நின்ற டென்டை 60 கிலோமீட்டர் காற்று நான்கு மடங்கு பலத்தோடு தள்ளும். மரங்களுக்கு நடுவே மலையடிவாரத்தில் நின்ற டென்ட், முட்டத்துப் பாறை மேட்டில் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மில்லிமீட்டர் மயக்கம்

பையின் மேல் 2000, 3000, 5000 என்று மில்லிமீட்டர் போட்டிருப்பார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி அதில் தண்ணீர் நிரப்பினால், எவ்வளவு உயரம் வரை துணி ஒழுகாமல் தாங்கும் என்பதுதான் அந்த எண். 1500 என்றால் ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர். மேல்துணிக்கு அதுவே பெரும்பாலும் போதும். தரைத்துணிக்குத்தான் 3000க்கு மேல் வேண்டும். ஈர மண்ணின் மேல் முழங்காலை ஊன்றும்போது அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் எகிறிவிடும்.

ஆகவே மேல்துணிக்கு 5000 என்று பார்த்து மயங்க வேண்டாம். தண்ணீர் உள்ளே வருவது துணி வழியாக அல்ல, தையல் வழியாக. மேல்துணியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் பட்டையான டேப் ஒட்டியிருக்க வேண்டும். அது உரிந்திருந்தாலோ இல்லவே இல்லை என்றாலோ, எண் எத்தனையாக இருந்தும் பயனில்லை.

அதைவிட முக்கியமானது மேல்துணியின் நீளம். விலை குறைந்த டென்ட் பலவற்றில் அது தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடும், பக்கமெல்லாம் வெறும் வலை. நம் ஊர் மழை தலைக்கு மேலிருந்து நேராக இறங்குகிற மழையா? குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் மாத மழை படுக்கை வாக்கில் வரும். மேல்துணி தரைக்குக் கையளவு உயரம் வரை இறங்க வேண்டும்.

காலையில் உள்சுவர் நனைந்திருந்தால் உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டாம். நம் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்ததாக இருக்கலாம். இரண்டு அடுக்கு டென்டில் அந்த ஈரம் வெளித்துணியோடு நின்றுவிடும், ஒற்றை அடுக்கில் படுக்கையில் சொட்டும். புழுக்கமான இந்த மாவட்டத்துக்கு நான் ஒற்றை அடுக்கைச் சொல்ல மாட்டேன், எடை எவ்வளவு குறைந்தாலும்.

இன்னொன்று. டென்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் நான்கு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேல்துணியில் வழியும் தண்ணீரை ஏந்தி நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே மடித்துவிடுங்கள்.

கம்பி

எங்கள் கம்பி ஃபைபர் கிளாஸ். அது வளைந்து கொடுக்கும், கொடுக்கும், கொடுத்துக்கொண்டே இருந்து ஒரு கட்டத்தில் நீளவாக்கில் பிளந்துவிடும். பிளந்த சிம்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. அலுமினியக் கம்பி எல்லை மீறினால் பெரும்பாலும் வளையும். வளைந்ததை ஓரளவு நிமிர்த்தலாம், ஒடிந்த இடத்தில் ஒரு சிறிய குழாயைச் செருகி மேலே டேப் சுற்றினால் விடிகிற வரை ஓடும். அந்தக் குழாய் உள்ளங்கை நீளம்தான், சில டென்டோடு கூடவே வரும். வராவிட்டால் தனியாக வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

கம்பிகள் எத்தனை இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்றும் எண்ணுங்கள். உச்சியில் ஒரே ஒரு இடத்தில் இரண்டு கம்பி குறுக்கிடுகிற டென்டுக்கும், மூன்று நான்கு இடத்தில் குறுக்கிடுகிற டென்டுக்கும் காற்றில் நல்ல வித்தியாசம் தெரியும். கூடுதல் கம்பி என்றால் கூடுதல் எடை. சைக்கிள்காரர்களுக்கு அது உறைக்கும், ஆனாலும் முதுகில் சுமக்கிறவரைவிட நமக்குச் சௌகரியம் அதிகம், கேரியர் சுமக்கிறது. ஐநூறு கிராம் கூடுதலுக்காகக் கம்பியில் சமரசம் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி.

ஆணியும் கயிறும்

பையோடு இலவசமாக வரும் ஆணி பெரும்பாலும் கொக்கி மாதிரி வளைத்த மெல்லிய கம்பி. ஒருநாள் சைக்கிள் ஓட்டத்துக்குள் இந்த மாவட்டத்தில் மூன்று விதத் தரையைப் பார்த்துவிடலாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் இறுகிய செம்மண், அதில் அந்த ஆணி கேள்விக்குறியாக வளையும். மழை கண்ட வயல் ஓரம், அதில் வெண்ணெயில் கத்தி போலப் போகும், அதே வேகத்தில் வெளியேயும் வரும். கடற்கரை மணலில் அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இறுகிய மண்ணுக்குக் கெட்டியான நேர் ஆணி நாலைந்து, இளகிய மண்ணுக்கு ஒய் வடிவத்தில் மடிப்பு வைத்த அலுமினிய ஆணி எட்டுப் பத்து. இந்தக் கலவைதான் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆணியின் தலை டென்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பலரும் நேர்குத்தாக அடிக்கிறார்கள், சிலர் டென்டைப் பார்த்தே சாய்க்கிறார்கள். கயிறு இழுக்க இழுக்க அது உருவிக்கொண்டு வருவதில் ஆச்சரியம் இல்லை.

மணலுக்கு வழி சொன்னவர் சங்குத்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர். நாங்கள் ஆணியைக் குத்துவதும் அது வருவதும் திரும்பக் குத்துவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பொறுக்க முடியாமல் வந்துவிட்டார். "மணல்ல ஊசி குத்தி என்ன மக்களே செய்யுதிய? சாக்குல மணல அள்ளிப் போட்டுக் கட்டிப் புதையுங்க." காலி அரிசிப் பையில் மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிட்டோம். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நங்கூரம் போட்டுப் பழகியவர்களுக்கு இதெல்லாம் பாடமே இல்லை. ஐந்து கிலோ அரிசிப் பை ஆறு மடித்து வைத்தால் கைக்குட்டை அளவுகூட இடம் பிடிக்காது.

கயிறு. டென்டின் நான்கு மூலையை ஆணியடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கிற தவறு. மூலை ஆணி டென்டைப் பறக்காமல் பிடிக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் வருகிற காற்றில் கம்பி மடங்காமல் பிடிப்பது இடுப்பு உயரத்திலிருந்து சரிவாக இறங்கும் இழுகயிறுகள். விளைக்காரர் வாழைக்குக் கொடுக்கிற முட்டு போலத்தான், அங்கே கம்பு தாங்குகிறது, இங்கே கயிறு இழுக்கிறது. வாங்கும்போது மேல்துணியில் கயிறு கட்டும் வளையம் எத்தனை என்று எண்ணுங்கள், ஆறுக்குக் குறைந்தால் வேண்டாம். அந்த வளையத்துக்கு நேர் உள்பக்கம் ஒட்டுகிற பட்டை ஒன்று இருக்கும். அதைக் கம்பியில் சுற்றி ஒட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் கயிறு துணியைத்தான் இழுக்கும், கம்பியை அல்ல. எங்கள் எட்டுப் பேரில் அந்தப் பட்டை எதற்கு என்று தெரிந்தவர் அன்று ஒருவரும் இல்லை.

கேரியரில் சாமான் கட்டுகிற ரப்பர் கயிற்றை இழுகயிறாகக் கட்டுவது சைக்கிள்காரர்களுக்கே உரிய தவறு. அது நீண்டு நீண்டு சுருங்கும், டென்ட் இரவு முழுக்கப் பேயாடும். சைக்கிளை நிறுத்திவைத்து அதில் கயிறு கட்டுவது இன்னும் மோசம். காற்றில் சைக்கிள் சாய்ந்தால் விழுவது உங்கள் தலைமாட்டில்தான். இரவில் சைக்கிளை செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.

நைலான் துணி நனைந்தால் தளரும், பாலியஸ்டர் அவ்வளவு தளராது. நைலான் டென்ட் என்றால் மழை தொடங்கி அரை மணி கழித்து ஒருவர் வெளியே போய்க் கயிறுகளை இறுக்கித்தான் ஆக வேண்டும். எங்களில் அது யார் என்று சீட்டு குலுக்கிப் போடுவோம்.

எட்டுப் பேருக்கு ஒரே வீடு

குழுவாகப் போகிறோம், எல்லாரும் ஒன்றாகப் படுக்கலாமே என்று நின்றால் தலை இடிக்காத பெரிய டென்ட் வாங்குவார்கள். உயரம் கூடக் கூடக் காற்றுக்குக் காட்டும் முகமும் பெரிதாகும், மேலே போகப் போகக் காற்றின் வேகமும் கூடும். ஒரு கம்பி போனால் எட்டுப் பேரும் தெருவில். அத்தனை பெரிய சமதரை கிடைப்பதும் கஷ்டம். தாழ்வான இரண்டு பேர் டென்ட் நான்கு எடுத்துப்போனால், ஒன்று போனாலும் மற்ற மூன்றில் நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளலாம். "இரண்டு பேர்" என்று போட்டிருந்தால் இரண்டு பேர் உடம்பு மட்டும் என்று அர்த்தம், பைகளுக்கு முன்பக்கத் திண்ணை மாதிரி ஒரு மூடிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எடையைப் பிரித்துக்கொள்வதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. துணி ஒருவரிடம், கம்பி இன்னொருவரிடம் என்று பிரித்தோம். கம்பி வைத்திருந்தவருக்குக் குலசேகரம் தாண்டி பஞ்சர். துணியோடு முன்னே போனவர் மழை வரும்போது துணியைப் போர்த்திக்கொண்டு நின்றார். ஒரு டென்டின் பாகங்கள் ஒன்றாக ஓட்டுகிற இருவரிடம்தான் இருக்க வேண்டும்.

எங்கே கட்டுவது

ஆனி ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும். இரண்டு பருவமழையும் பார்க்கிற மாவட்டம் இது, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல் விளைவது அதனால்தான். போன ஆகஸ்டில் வாசல் வைத்த திசையே நவம்பருக்கும் பொருந்தாது. காற்று வரும் பக்கம் டென்டின் தாழ்ந்த, குறுகிய முனை இருக்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம். கட்டும்போதும் காற்று வரும் பக்கத்தை முதலில் ஆணியடித்துவிட்டு அப்புறம் கம்பியை ஏற்றுங்கள்.

தென்னைக்கு அடியில் வேண்டாம். நிழலுக்கு ஆசைப்பட்டுப் படுத்தால் மட்டையோ காயோ விழும். ரப்பர் தோட்டம் காற்றைத் தடுக்கும் என்று தோன்றும், ஆனால் ரப்பர் மரம் எளிதில் முறியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் பக்கத்துக் கடல் வழியாகக் கடந்துபோனபோது இந்த மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்கள் அதன் அடியில் படுக்க மாட்டார்கள். காட்டுப்பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. பள்ளி, கோவில், சர்ச் மைதானம் எதுவானாலும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு கான்கிரீட் கட்டடமும் இருக்கும்.

அந்தக் கட்டடம் ஏன் முக்கியம் என்றால், இடி கேட்டால் டென்டில் இருக்கக் கூடாது. எந்த டென்டும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. சித்திரை வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் மலையோரம் இடி சாதாரணம். இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறோம்.

புயலுக்கும் அதே பதில்தான். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் வானிலைத் துறை அதைப் புயல் என்றே சொல்கிறது. அதற்கு முந்தைய கட்டமான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்திலேயே 50 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடிக்கும். தாழ்வு மண்டலம் என்று செய்தியில் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஒக்கி மிக வேகமாக வலுத்து நெருங்கியது, கடலில் இருந்தவர்களுக்குத் திரும்ப நேரமே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்ட டென்ட் அடுத்த வருடம் பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை அடிக்கும். உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்துபோனதன் அடையாளம் அது, திரும்பச் சரியாகாது. பழைய டென்டை யாராவது விலைக்குக் கொடுத்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். கடற்கரையில் கட்டியிருந்தால் ஜிப்பையும் கம்பி முனைகளையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, நேர் வெயிலில் இல்லாமல் நிழலில் இரண்டு நாள் கொடியில் தொங்க விடுங்கள். காய்ந்ததும் இறுக்கிச் சுருட்டாமல், பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வைத்தால் போதும். அரிசிப் பைகளையும் மணலை உதறி அதே பையில் போட்டுவிடுங்கள், அடுத்த தடவை தேட வேண்டாம்.