ஊழல் வழக்கு இழுத்துக்கிட்டே போகும்போது நாம பண்ற தப்புங்க

1996 டிசம்பர்ல ஜெயலலிதாவோட போயஸ் கார்டன் வீட்டுல ரெய்டு நடந்தப்போ, எங்க தெருவுல டிவி இருந்த வீட்டு வாசல் வரைக்கும் ஆளுங்க நின்னு பார்த்தாங்க. 10,500 புடவை, 750 ஜோடி செருப்புன்னு டீக்கடை முழுக்க அதே பேச்சு, எனக்கு அந்த செருப்பு வரிசை இன்னைக்கும் கண்ணுல நிக்குது. ஆனா அதே சொத்துக்குவிப்பு வழக்குல 2002, 2003ல என்ன நடந்துச்சுன்னு அந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் தெரியாது. எனக்கே பல வருஷம் கழிச்சு சுப்ரீம் கோர்ட் உத்தரவைப் படிச்சப்போதான் தெரிஞ்சுது. ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு சொல்லுவாங்களே, வழக்கை வளைக்கிறவங்க காத்திருக்கிறது அந்தக் கஞ்சி ஆறுறதுக்குத்தான்.

ரெய்டையே தண்டனைன்னு எடுத்துக்கறதுதான் நம்ம முதல் தப்பு. ரெய்டு அன்னைக்கு பட்டாசு வெடிப்போம், கைது அன்னைக்கு மீம்ஸ் போடுவோம், அதோட கதை முடிஞ்சிடும். ஜெயலலிதா வழக்குல 1996 ஜூன்ல புகார், 1997 ஜூன்ல குற்றப்பத்திரிகை, ஆனா பெங்களூரு தனி நீதிமன்றம் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னது 2014 செப்டம்பர் 27, சுப்ரீம் கோர்ட்டோட கடைசித் தீர்ப்பு 2017 பிப்ரவரி 14. புகார் கொடுத்தப்போ பொறந்த குழந்தைக்கு அப்ப 20 வயசு தாண்டியாச்சு.

இதைவிட பெரிய தப்பு, ஆட்சி மாறும்போது கண்ணை எடுக்கறது. 2001ல ஆட்சி மாறி ஜெயலலிதா கட்சியே மறுபடி வந்துச்சு. அதுக்கப்புறம் ஏற்கனவே சாட்சி சொல்லி முடிச்ச 76 பேரை மறுபடி குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டாங்க, முன்னாடி எங்க வக்கீல் வேற கேஸ்ல பிஸியா இருந்தார்னு குற்றம் சாட்டப்பட்டவங்க தரப்புல காரணம் சொன்னாங்க. அதுல 64 பேர் முன்னாடி சொன்னதுக்கு மாறா சொன்னாங்க. இதுல கவனிக்க வேண்டிய இடம் எதுன்னா அரசுத் தரப்பு வக்கீல், அவர் அந்த சாட்சிங்களைப் பிறழ் சாட்சின்னு, அதாவது சொன்னதை மாத்திச் சொன்ன சாட்சின்னு அறிவிக்கச் சொல்லவே இல்ல, திருப்பி ஒரு கேள்வி கேட்கவும் இல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் நேர்ல வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டத்துல கேள்வித்தாள் வீடு தேடிப் போச்சு, அதுக்கும் அந்த அரசு வக்கீல் எதிர்ப்பு தெரிவிக்கல. இது எல்லாமே திறந்த கோர்ட்டுல நடந்தது, பார்க்கத்தான் ஆள் இல்ல. தி.மு.க.வோட க.அன்பழகன் சுப்ரீம் கோர்ட் போனதாலதான் 2003 நவம்பர்ல வழக்கு கர்நாடகாவுக்கு மாறுச்சு. அவர் எதிர்க்கட்சிக்காரர், அவருக்கு அரசியல் காரணம் இருந்திருக்கும்தான், ஆனா அவர் ஒருத்தர் விடாம பார்த்துட்டு இருந்தார் இல்லையா, அதுதான் எனக்கு முக்கியமா படுது.

எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் இந்த அமைதியான நேரம்தான் ஆபத்து. அப்போ தி.மு.க. அமைச்சரா இருந்த பொன்முடி மேல இருந்த ஒரு சொத்துக்குவிப்பு வழக்கு 2022ல விழுப்புரத்துல இருந்து வேலூருக்கு மாறுச்சு, 2023 ஜூன்ல எழுத்துப்பூர்வ வாதம் தாக்கலான 4 நாள்ல 226 பக்கத் தீர்ப்பு வந்து விடுதலை. ஒன்றரை மாசம் கழிச்சு சென்னை ஹைகோர்ட் தானா முன்வந்து அதை மறுபடி கையில எடுத்தப்போதான் இப்படி ஒரு வழக்கு இடம் மாறினதே நம்மள்ல பல பேருக்குத் தெரிய வந்துச்சு.

விசாரணை கமிஷனையும் கோர்ட்டையும் ஒண்ணுன்னு நினைக்கறது இன்னொரு தப்பு, இதுல படிச்சவங்களும் ஏமாந்து போறாங்க. கமிஷன் யாருக்கும் தண்டனை கொடுக்க முடியாது, 1952 விசாரணை ஆணையச் சட்டப்படி அது அரசாங்கத்துக்கு அறிக்கைதான் கொடுக்கும். ஜெயலலிதா மரணம் பத்தி ஆறுமுகசாமி ஆணையம் 2017 செப்டம்பர்ல 3 மாச அவகாசத்தோட ஆரம்பிச்சு, நீட்டிப்பு மேல நீட்டிப்பு வாங்கி, 2022 ஆகஸ்ட்லதான் அறிக்கை கொடுத்துச்சு. தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்தது 2018 மே, அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 மே. ரெண்டும் ஒரே நாள்ல, 2022 அக்டோபர் 18ல சட்டசபைக்கு வந்துச்சு. அறிக்கை கொடுத்த 6 மாசத்துக்குள்ள, அது மேல என்ன நடவடிக்கை எடுத்தோம்னு ஒரு குறிப்பையும் சேர்த்து சபையில வைக்கணும்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. நாம படிக்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான், ஆனா நாம ஆடியோ லீக்கை பார்த்துட்டு இருப்போம்.

விடுதலைன்னு தலைப்பு வந்ததும் தீர்ப்பைப் படிக்காம முடிவு கட்டறதும் அப்படித்தான். 2015 மே 11ல கர்நாடக ஹைகோர்ட் ஜெயலலிதாவை விடுவிச்சப்போ, வருமானத்துக்கு மேல இருந்த சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதத்துக்குள்ள இருக்கறதால விடலாம்னு தீர்ப்பு. அந்தக் கணக்குல 10 கடனோட கூட்டுத்தொகையை 24.17 கோடின்னு போட்டிருந்தாங்க. தீர்ப்புல இருக்கற அந்த 10 தொகையை நீங்களே பேப்பர்ல எழுதி கூட்டிப் பாருங்க, 10.67 கோடிதான் வரும். 13.50 கோடி வித்தியாசம், அது இல்லாம அந்த 8 சதவீதம் நிக்கவே நிக்காது. தீர்ப்பு வந்த சூட்டோட அரசுத் தரப்புல பி.வி.ஆச்சார்யா அதைச் சொன்னார், கர்நாடக அரசு அப்பீல் போச்சு, 2017ல சுப்ரீம் கோர்ட் அந்த விடுதலையை ரத்து பண்ணுச்சு.

ஆள் செத்துட்டா வழக்கும் செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. ஜெயலலிதா 2016 டிசம்பர்ல இறந்ததால அவங்க மேல இருந்தது முடிஞ்சுது, ஆனா சசிகலா, இளவரசி, சுதாகரன் மூணு பேரும் 4 வருஷ தண்டனை அனுபவிச்சாங்க. 2025 பிப்ரவரியில 27 கிலோ நகையும் 1,526 ஏக்கர் நில ஆவணமும் பெங்களூரு கோர்ட்டுல இருந்து தமிழ்நாடு அரசு கைக்கு வந்துச்சு.

எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க, எப்படியும் வெளிய வந்துடுவாங்கன்னு என் ஃப்ரெண்ட்ஸே சொல்றாங்க. கோபம் புரியுது, எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனா அப்படிச் சொல்லிட்டா அடுத்த வாய்தா எப்பன்னு கேட்க ஆளே இல்லாம போயிடும். 2018ல திருத்தின ஊழல் தடுப்புச் சட்டம் விசாரணையை 2 வருஷத்துல முடிக்கப் பார்க்கணும், முடியலைன்னா ஏன்னு ஜட்ஜ் எழுதி வைக்கணும்னு சொல்லுது.

அதனால பத்து வழக்கு வேணாம், உங்க மாவட்டத்துல ஒரே ஒரு வழக்கை எடுங்க. ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர்னு 16 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், இ-கோர்ட்ஸ் ஆப்ல அதைப் போட்டா எந்தத் தேதியில எதுக்கு வந்துச்சு, அடுத்த தேதி எதுன்னு வரிசையா வரும், தேதியைத் தொட்டா அன்னைக்கு நடந்தது ரெண்டு வரியில இருக்கும். நான் பார்த்துட்டு வர்ற ஒரு வழக்குல தொடர்ச்சியா மூணு தடவை ஒரே வரி, சாட்சி வரல. நாலாவது தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், அன்னைக்கு லீவு போட்டு நேர்ல போய் கோர்ட் ஹால் பின் பெஞ்சுல உட்காரப் போறேன்.