உப்புநீர் மீன்தொட்டியில் பாறை சரியாமல் இருக்க

பலரும் செய்கிற தவறு, முதலில் மணலைக் கொட்டிவிட்டு அதன்மேல் பாறையை அடுக்குவது. பார்க்க உறுதியாகத்தான் தெரியும். ஆனால் கோபி மீனோ பிஸ்டல் இறாலோ ராத்திரி முழுக்க அடியில் தோண்டித் தள்ளினால் மேலே இருப்பது என்ன ஆகும்? என் தொட்டியில் ஒருநாள் விடியற்காலை ‘டொக்’கென்று ஒரு சத்தம், எழுந்து போய்ப் பார்த்தால் மேல்கல் கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. விரிசல் விழாதது என் அதிர்ஷ்டம்.

அதனால் பாறை முதலில், மணல் அப்புறம். வெறும் கண்ணாடி மேல் வைக்கப் பயமென்றால் அடியில் மெல்லிய அக்ரிலிக் தகடு போடுங்கள். ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்திலாவது ஊன்றி நிற்க வேண்டும், ஆடினால் திருப்பி வையுங்கள்.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ ஜெல் மட்டும் போதாது, எபாக்ஸி புட்டி (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் பசை) மட்டும் ஈரக்கல்லில் சரியாகப் பிடிக்காது. புட்டியை நெல்லிக்காய் அளவு பிசைந்து உருட்டி, இரண்டு பக்கமும் ஜெல் தடவி, கற்களுக்கு நடுவே வைத்து லேசாகத் திருகி அழுத்துங்கள். வளைவு மாதிரி வேண்டுமென்றால் கான்கிரீட் பிட்டால் துளை போட்டு அக்ரிலிக் கம்பியைச் செருகலாம். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு இறாலைக் கொன்றுவிடும், இரண்டும் வேண்டவே வேண்டாம்.

உலர்பாறை (உயிர்கள் இல்லாத காய்ந்த கல்) என்றால் வெளியிலேயே ஒட்டி, 24 மணி நேரம் காயவிட்டு, தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு இறக்குங்கள். தண்ணீருக்குள் புட்டி போட்டால் ஸ்கிம்மர் (நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) ஒன்றிரண்டு நாள் நுரையாகப் பொங்கித் தள்ளும், பயப்பட வேண்டாம். பாசி துடைக்கக் கண்ணாடியோரம் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டுவிடுங்கள்.