விறகடுப்பு தெரிந்தவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்: இங்கிலாந்து போகும் வேலூர்க்காரர்களுக்கு

கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து குளிர்காயும் அடுப்பைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் எங்கள் தெருவிலிருந்தே நர்ஸ் வேலைக்கும் மேல்படிப்புக்கும் இங்கிலாந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் வாரத்தில் வந்து எத்தனை ஸ்வெட்டர் எடுக்கணும், புளி எத்தனை கிலோ, குக்கர் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். அடுப்பைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் மனைவியும் வட இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் வாடகை வீட்டில் ஆறு குளிர்காலம் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

நகரத்து ஃப்ளாட்டுக்குப் போகிறவர்கள் ரேடியேட்டரைத் திருகினால் போதும், இதைப் படிக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே வாடகை குறைவு என்று பழைய கல்வீட்டைப் பிடித்தீர்களானால், கூடத்துச் சுவரில் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, சுவரைக் குடைந்தது போலத் திறந்த கணப்பு. மற்றொன்று, அந்தக் குழிக்குள் உட்காரவைத்த, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு. இதை அங்கே ஸ்டவ் என்பார்கள். சமையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திறந்த கணப்பில் சூட்டில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும், அழகுக்குத்தான் அது. வீடு சூடாக வேண்டுமென்றால் கதவு போட்ட அடுப்புதான்.

அம்மா வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, அடுப்புக்குப் போய்க் கதவு வெச்சிருக்கான்?" என்றாள். சரியான இடத்தில்தான் கை வைத்தாள். வித்தியாசம் முழுக்க அந்தக் கதவில்தான் இருக்கிறது.

விறகடுப்பு நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அதுதான் ஆபத்து. நான் பார்த்தவரை, அடுப்பையே தொடாத சென்னைப் பையன்கள் பயந்து பயந்து சரியாகச் செய்தார்கள். தப்பு செய்தது என்னைப் போல வேலிகாத்தான் விறகில் வெந்நீர் போட்டு வளர்ந்தவர்கள். ஆம்பூரில் பிரியாணி மாஸ்டர் தம் போடுவதைக் கவனித்திருப்பீர்கள். சோறு முக்கால் பதம் வந்ததும் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துப் போடுவார். அடியில் தணல் மட்டும் இருக்கும். கொஞ்சம் கங்கை அள்ளி மூடிமேல் பரப்புவார். நம் அடுப்புக்கு ரெகுலேட்டர் என்பது விறகைத் தள்ளுவதும் இழுப்பதும்தான். அங்கே கட்டை முழுசாக உள்ளே போய்விடும், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. காற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் தீயை ஆள வேண்டும். அடுப்பில் கீழே ஒரு காற்றுவாய், மேலே ஒரு காற்றுவாய், இரண்டுக்கும் கைப்பிடி இருக்கும். முதல் நாளே வீட்டுக்காரரிடம் எது எதற்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றவைக்கும் முறையும் நமக்குத் தலைகீழ். நாம் அடியில் சுள்ளி, பன்னாடை வைத்து மேலே விறகு அடுக்குவோம். அங்கே கனமான கட்டை இரண்டு அடியில், அதன்மேல் விரல் தடிமன் சிராய்கள் குறுக்கும் நெடுக்குமாக, உச்சியில் ஃபயர்லைட்டர் (சட்டென்று தீப்பிடிக்கும் கட்டி) துண்டு ஒன்று. தீ மேலிருந்து கீழே இறங்கும். நான் நம்பவில்லை, முதல் வாரம் நம் முறையிலேயே வைத்தேன். கட்டை சூடேறுவதற்குள் அடியில் சிராயெல்லாம் எரிந்து தீர்ந்து, கூடம் முழுக்கப் புகை. மேலே வைத்தால் புகைபோக்கி முதலில் சூடாகிறது. சூடான குழாய்தான் புகையை இழுக்கும். அதுவரை இரண்டு காற்றுவாயும் முழுசாகத் திறந்திருக்கட்டும். தீ நன்றாகப் பிடித்ததும் கீழ் வாயை மூடிவிட்டு மேல் வாயில் ஓட்டலாம். விறகுக்குக் காற்று மேலிருந்து வந்தால் போதும், நிலக்கரிக்குத்தான் அடியிலிருந்து வேண்டும். அதனால்தான் விறகு எரிக்கும் அடுப்பில் சாம்பலை முழுசாக வழித்து எடுக்கக் கூடாது. ஓர் அங்குலம் மெத்தை மாதிரி இருந்தால் கங்கு அணையாமல் கிடக்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் அடுப்பு அருகிலேயே வரக் கூடாது. ஊதுகுழலும் வேண்டாம். மூடிய அடுப்பைத் திறந்து ஊதினால் சுவாலை முகத்துக்குத் திரும்பும். மேற்கொண்டு கட்டை போடும்போதும் கதவைச் சட்டென்று இழுக்காமல், ஒரு விரல்கடை திறந்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டு மெதுவாகத் திறங்கள்.

இனி விறகு. காய்ந்த விறகு என்று நாம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் வேறு. நம் வெயிலில் வெட்டிப் போட்ட கட்டை சில வாரத்தில் சுக்காகிவிடும். அங்கே மழையிலும் மூட்டத்திலும் ஓக் போன்ற கெட்டி மரத்தைப் பிளந்து அடுக்கினால் இரண்டு வருஷமாவது ஆகும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் அளக்கும் கருவி சின்னதாகக் கிடைக்கும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் பொய்தான் சொல்லும். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீர் என்று கேட்கும், ஈரமானது பொத்தென்று விழும். கொட்டாங்கச்சியைத் தட்டிப் பார்த்த கைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2021 மே 1 முதல் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகுக்கு 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) முத்திரை கட்டாயம். பையில் அதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு எரிக்கும் சாதாரண நிலக்கரி விற்பனை 2023 மே முதல் அறவே நின்றுவிட்டது, யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று விடுங்கள். நகரங்களிலும் பல சிற்றூர்களிலும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஒன்று உண்டு. 1952 லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் வந்த சட்டத்தின் வாரிசு அது. அந்தப் பகுதியில் திறந்த கணப்பில் விறகே எரிக்கக் கூடாது. டெஃப்ரா என்ற அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை அனுமதித்த அடுப்பு இருந்தால் மட்டுமே விறகு எரிக்கலாம். புகைபோக்கியிலிருந்து புகை போனால் 300 பவுண்டு வரை அபராதம். உங்கள் தெரு அதில் வருகிறதா என்று கவுன்சில் (அவ்வூர் உள்ளாட்சி) இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

போகிக்குப் போடுவதையெல்லாம் அந்த அடுப்பில் போடாதீர்கள். பிளாஸ்டிக், பழைய பாய், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய மரங்களில் ஆர்சனிக் என்ற விஷம்கூட இருக்கலாம்.

இனி நான் செய்த முட்டாள்தனம். எங்கள் கூடத்துச் சுவரில் தரையோரமாக ஒரு வட்டத் துளை, கம்பிவலை போட்டது. ஜனவரி மாதத்தில் அதன் வழியாக வரும் காற்று கணுக்காலை அறுக்கும். இவ்வளவு செலவு செய்து சூடேற்றிவிட்டு யாராவது சுவரில் ஓட்டை போடுவானா என்று எனக்கு ஆத்திரம். இரண்டாவது குளிர்காலத்தில், மனைவி நைட் டியூட்டிக்குப் போன ஒரு ராத்திரி, குடியாத்தத்திலிருந்து கொண்டுபோன பழைய லுங்கியைச் சுருட்டி அதில் திணித்தேன். விறகு சீக்கிரம் தீரக் கூடாதென்று அடுப்பின் காற்றுவாய் இரண்டையும் ஏறக்குறைய மூடினேன். சொர்க்கம் மாதிரி இருந்தது. ஒன்பதரை மணிக்குத் தலை கனத்தது. ஜலதோஷம் பிடிக்கிறது போலிருக்கிறது என்று மிளகு ரசம் வைக்க எழுந்தேன். அப்போதுதான் அலமாரிமேல் இருந்த கருவி அலறியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளிக்கும்போது புகை அலாரம் அடித்தால் துண்டை வீசுவோமே, அதே மாதிரி அதன்முன் துண்டை வீசிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சத்தம் கேட்டு வந்து கதவைத் தட்டி, கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அது புகை அலாரம் இல்லை, கார்பன் மோனாக்சைடு அலாரம். அந்தத் துளை அடுப்பு மூச்சுவிடுவதற்கு என்று வீட்டுக்காரர் கொடுத்த காகிதத்தில் அச்சடித்தே இருந்தது. நான் படிக்கவில்லை.

காற்று போதாமல் எரியும் நெருப்பிலிருந்து வரும் வாயு அது. நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டும் இடத்தில் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஃப்ளூ மாதிரியே இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. வெளியே போனால் தெளியும், வீட்டுக்குள் வந்தால் திரும்பும். நம் ஊர்ச் சமையலறையில் ஓட்டு இடுக்கும் ஜன்னலும் போதாதென்று கதவும் திறந்திருக்கும், அதனால் பிழைத்தோம். அங்கே குளிருக்காக வீட்டை டப்பா மாதிரி அடைத்திருப்பார்கள். சாம்பிராணிக்கென்று கரித்தணலை அறைக்குள் வைப்பதும், மழையென்று பார்பிக்யூ சட்டியை உள்ளே கொண்டுவருவதும் இதே காரணத்தால்தான் உயிரை வாங்கும்.

2015 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில், விறகடுப்போ கணப்போ இருக்கும் அறையில் இந்த அலாரம் வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. குடிபுகும் நாளில் அது வேலை செய்ய வேண்டும். பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு தடவை கீச்சென்றால் பேட்டரி. விடாமல் அலறினால் கதவு ஜன்னலைத் திறந்துகொண்டே வெளியே போய் 999க்கு (அங்கே அவசர உதவி எண்) கூப்பிடுங்கள். அப்புறம், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வேகமாக ஓடினால் அடுப்புப் புகையைக் கூடத்துக்குள் இழுக்கும். மீன் வறுக்கும் நேரம் பார்த்து அடுப்பை மூட்டாதீர்கள்.

புகைபோக்கிக்கும் ஒரு வரலாறு இருக்கும். ஈர விறகும், காற்றை நெரித்து ராத்திரி முழுக்கப் புகையவிடுவதும் உள்சுவரில் தார் மாதிரி ஒரு பிசினைப் படியவைக்கும். ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். ரயில் போவது போல உறுமல் கேட்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுவாய்களை மூடிவிட்டு எல்லோரும் வெளியே, பிறகு 999. இது வராமலிருக்க ஸ்வீப் என்று ஒரு ஆள் தூரிகையோடு வந்து சுத்தம் செய்துவிட்டுச் சான்றிதழ் தருவார். விறகு எரிப்பவர்கள் பருவத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது லண்டன் தீயணைப்புத் துறை. எப்படியும் அக்டோபரில் முதல் தீ மூட்டுவதற்கு முன் ஒருமுறை கட்டாயம். ஜாக்டா என்று ஒரு சின்னக் காக்கை வசந்தத்தில் புகைபோக்கிக்குள் கூடை கூடையாகச் சுள்ளி கொட்டிக் கூடு கட்டும், எங்கள் குழாயிலிருந்து ஸ்வீப் எடுத்தது ஒரு சாக்கு நிறைய. வீடு பார்க்கப் போகும்போதே கடைசிச் சான்றிதழ் தேதியைக் கேளுங்கள். சில வீடுகளில் மேலே அடைத்துவிட்டுக் கணப்பை அலங்காரத்துக்கு விட்டிருப்பார்கள். ஒப்பந்தத்தில் மூட்டக் கூடாது என்றே எழுதியிருக்கலாம்.

நைட்டி, துப்பட்டா, புடவைத் தலைப்பு பற்றித் தீபாவளிக்குத் தீபாவளி கேட்டிருக்கிறோம், அதே கதைதான். துணி காயப்போட அந்த அடுப்புப் பக்கம் கை போகும். ஒரு மீட்டருக்குள் எதையும் தொங்கவிடாதீர்கள். குழந்தை இருந்தால் சுற்றிச் சுவரில் மாட்டும் கம்பித் தடுப்பு வாங்குங்கள். அடுப்புக் கண்ணாடி, தீ அணைந்து வெகுநேரம் கழித்தும் கையைச் சுட்டுவிடும்.

சாம்பலை மறுநாள் காலையில் அள்ளும்போது வெளுத்து ஆறியது போலத்தான் தெரியும். உள்ளே கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, வெளியே கல்தரையில் வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலும் வேக்யூம் கிளீனரிலும் வேண்டாம். முழுசாக ஆறிய சாம்பலில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். ஈரமாக்கிய செய்தித்தாளை அதில் தொட்டு, கரி படிந்து கறுத்த அடுப்புக் கண்ணாடியைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அம்மா இதைப் பார்த்ததும்தான் அந்த அடுப்பை ஒப்புக்கொண்டாள். மிச்சச் சாம்பலைக் கவரில் போட்டு, பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று பின்கட்டுக்கு எடுத்துப்போனாள்.